மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. இனி எப்படி ஜெபிப்பது?

பெரம்பூர் ஆல்டோ கேட்டது:

இத்தனை நாளும் மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவேன். இன்று நானே கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு வயது 31. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் பாடகர் குழுவில் 14 ஆண்டுகளாக ஆல்டோ, அதாவது பெண்குரல்களில் தாழ்ந்த பகுதியை, பாடி வருகிறேன். பாடி வந்தேன் என்று சொல்வதே இப்போது சரியாக இருக்கும்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புத்தாண்டுக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் வைத்த தட்டு வழக்கம்போல வரிசை வரிசையாக வந்தது. என் கைக்கு வந்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் வசனம். அம்மா அதை என்னிடமிருந்து வாங்கித் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். ஜனவரியில் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மார்ச் மாதம் அம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்றும், அது வயிறு முழுவதும் பரவிவிட்டது என்றும் தெரிந்தது. அம்மா கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மே மாதத்தில் குறித்திருந்த திருமணத் தேதியை மாற்றாமல் வைத்திருந்தோம். திருமண அறிவிப்பான ஓலையைக் கோவிலில் மூன்று ஞாயிறுகள் வாசிக்க வேண்டும். இரண்டு ஞாயிறுகள் வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இருவர் வந்தார்கள். இந்த நோய் பெண்பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வருமாம், விசாரித்துவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். மாப்பிள்ளை வரவே இல்லை.

எங்கள் கோவிலில் பாடகர் குழு சபையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும். அந்த ஞாயிறு அறிவிப்புகள் முடிந்து, மூன்றாம் ஓலையை வாசிக்காமல் ஆயர் அடுத்த பகுதிக்குப் போனபோது, எத்தனை முகங்கள் என்னை நோக்கித் திரும்பின என்பதை நான் முன்னால் இருந்தே பார்த்தேன். திருமணத்துக்கு எடுத்த நகைகள் மருத்துவச் செலவுக்காக அடகுக் கடைக்குப் போயின. ஆகஸ்டில் அம்மா போய்விட்டார். கீழ்ப்பாக்கத்தில், தாத்தாவும் பாட்டியும் இருக்கும் குடும்பக் கல்லறையிலேயே அடக்கம் செய்தோம்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது என்றார்கள். சிலர், கர்த்தர் உன்னை ஒரு பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றினார் என்றார்கள். இரண்டையும் ஒரே நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டேன். எனக்கு விசுவாசத்தை விட்டுவிட விருப்பமில்லை. ஆனால் ஜெபிக்க முழங்காலிட்டால் அந்த அட்டைதான் கண்முன் வருகிறது. நான் எதிர்பார்த்திருந்த முடிவு இதுதானா? அந்த வசனம் பொய்யா, அல்லது அதை நம்பியதில் என் பிழையா? பாடகர் குழுவுக்குப் போய் ஐந்து மாதங்கள் ஆகின்றன. தொண்டையில் கோளாறு ஏதும் இல்லை. ஸ்தோத்திரம் என்ற சொல் வந்தால் குரல் நின்றுவிடுகிறது.

அதிகாலை நான்கு மணி எழுதியது:

அன்புச் சகோதரிக்குக் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். மனம் தளர வேண்டாம். மூன்று நாள் உபவாசம் இருந்து, அந்த வாக்குத்தத்தத்தையே வாயினால் அறிக்கை செய்து ஜெபியுங்கள். அவநம்பிக்கையாகப் பேசும்போது நாம் சத்துருவாகிய சாத்தானுக்கு இடங்கொடுக்கிறோம். என் மகனுக்கு 6 வயதில் மருத்துவர்கள் கைவிரித்த நேரத்தில் நாங்கள் அப்படித்தான் நின்றோம். இன்று அவன் பொறியியல் படிக்கிறான். உங்களுக்கும் இதைவிடச் சிறந்த வரன் வரும். விசுவாசத்தோடு கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆயர் எழுதியது:

மகளே, மேலே எழுதியவர் தம் வீட்டில் கண்டதைச் சாட்சியாகச் சொல்லுகிறார். அவருடைய பிள்ளை பிழைத்ததற்காக நானும் ஸ்தோத்திரம் செலுத்துகிறேன். ஆனால் அவர் நின்றதுபோலவே நின்று ஜெபித்து, பிள்ளையைக் கல்லறைக்குக் கொண்டுபோன பெற்றோரையும் 38 ஆண்டு ஊழியத்தில் கண்டிருக்கிறேன். அவர்களுடைய விசுவாசம் ஒரு மாத்துக் குறைவு என்று எந்தத் தராசில் நிறுத்துச் சொல்லுவது?

அட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த வழக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு டிசம்பரிலும் அச்சகத்துக்குப் போய், எந்த வசனங்கள் வேண்டும் என்று குறித்துக் கொடுத்தவன் நான். ஆறுதலாகவும் சுருக்கமாகவும் இருப்பவற்றை மட்டுமே தேர்ந்தெடுப்போம். ஒருவருடைய கையிலும் "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற 13-ஆம் சங்கீதம் வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்போம். அது சபைக்கு நான் செய்த நன்மையா என்ற ஐயம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

எரேமியா 29-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோன மக்களுக்கு, எருசலேமிலேயே தங்கிவிட்ட எரேமியா பாபிலோனுக்கு எழுதி அனுப்பியது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அவன் முழங்கினான், கேட்டவர்களுக்கு இனித்திருக்கும். எரேமியாவோ எழுபது வருடம் என்றான். அப்படியானால், கடிதம் போய்ச் சேர்ந்த நாளில் அதைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் ஏறக்குறைய அனைவரும் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். 11-ஆம் வசனம் அவர்களுக்குச் சொல்லப்பட்டதுதான். அதற்கு முன் 5-ஆம் வசனத்தில் அவர்களிடம் கேட்டுக்கொள்ளப்படுவது, வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்பது. ஆகவே அது ஒரு ஜனவரியிலிருந்து அடுத்த டிசம்பருக்குள் நிறைவேறுவதற்காகக் கொடுக்கப்பட்ட வாக்கு அன்று. நாங்கள்தான் அதைக் கத்தரித்து ஓர் ஆண்டுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கினோம்.

இன்னொன்றும் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பு "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று சொல்லுகிற இடத்தில், எபிரெயத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று அகரித், அதாவது பின்னால் வருவது. மற்றொன்று திக்வா, அதாவது நம்பிக்கை. "பின்னாலும் ஒரு காலம் உண்டு, நம்பிக்கையும் உண்டு" என்ற அளவில்தான் மூலம் பேசுகிறது. மனிதர் எதை எதிர்பார்த்தார்களோ அதையே கொடுப்பேன் என்று அங்கே இல்லை. உங்கள் அம்மா அந்த அட்டையில் வாசித்ததும் நீங்கள் வாசித்ததும் தமிழ்ச் சொல்லின் இயல்பான பொருளைத்தான். அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை.

ஸ்தோத்திரம் வரவில்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலுமே. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதியில் வந்து சேர்ந்துவிடும். 88-ஆம் சங்கீதம் அப்படிச் சேரவே இல்லை. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று சொல்லி, ஆமென்கூட இல்லாமல் நின்றுவிடுகிறது. அதன் தலைப்பைப் பாருங்கள்: கோராகின் புத்திரரின் பாட்டு. ஆலயத்தில் பாடுவதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட குடும்பத்தார் அவர்கள். உங்கள் மொழியில் சொன்னால் பாடகர் குழுவினர். துதி வராத நாளுக்கும் அவர்கள் ஒரு பாட்டு வைத்திருந்தார்கள். அதைக் கர்த்தருக்கு முன்பாகப் பாடினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கைவிட்டீரே என்று யாரிடம் சொல்லுகிறோமோ அவரை இன்னும் விடவில்லை என்று பொருள். சிலுவையில் ஆண்டவரும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் சொன்னார்.

பட்டினப்பாக்கம் எழுதியது:

நான் கத்தோலிக்கன், வேதம் இவ்வளவு தெரியாது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் என்பதால் குடிசைகளில் விண்மீன் விளக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. என் தம்பிக்கு 12 வயது. மணலில் மட்டைப்பந்து ஆடப் போனவன். இரண்டு நாள் கழித்து அரசு மருத்துவமனையில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களுக்குள், சட்டையை வைத்து அடையாளம் கண்டோம். முந்திய நாள் திருப்பலிக்குப் போட்டுக்கொண்டு போன புதுச் சட்டை அது.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் நான் செபிக்கவில்லை. ஆனால் அம்மாவுக்குத் துணையாக ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போவேன். கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பேன். அப்போது இருந்த பங்குத்தந்தை எங்களிடம் கடவுளின் திருவுளம் என்று ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் லாரி வரும்போது எங்களோடு குடம் பிடித்து வரிசையில் நின்றார். ஒரு நாள் நானே சண்டைக்குப் போய், உங்கள் கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்டேன். தெரியவில்லை தம்பி, நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். ஒரு சாமியார் இப்படிச் சொல்லலாமா என்று அப்போது கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அவர் வேறு எதையாவது சொல்லியிருந்தால் நான் அந்தத் தூணையும் விட்டுப் போயிருப்பேன்.

எங்கள் சாந்தோமில் இயேசுவின் சீடரான தோமாவின் கல்லறை இருக்கிறது. பரங்கிமலையில் அவர் குத்தப்பட்டு இறந்தார் என்பது மரபு. ஊரே சந்தேகத் தோமா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். யோவான் நற்செய்தியில் ஓர் இடம் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் ஆண்டவரைக் கண்டோம் என்று மகிழ்ந்துகொண்டிருக்க, தோமா மட்டும் காயத்தில் கையை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்றார். அடுத்த நிகழ்ச்சி எட்டு நாள் கழித்து. அந்த எட்டு நாளும் என்ன நடந்தது என்று எழுதவில்லை. எட்டாம் நாள் தோமாவும் அவர்களோடு இருந்தார் என்று மட்டும் இருக்கிறது. நம்பாதவரை அவர்கள் வெளியே அனுப்பவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. என்னுடைய எட்டு நாள் ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது, அவ்வளவுதான். நீங்கள் பாட வேண்டாம் தங்கச்சி. அந்த இடத்தில் போய் உட்காருங்கள்.

வெளியே நிற்பவன் எழுதியது:

நான் இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. 2021-இல் அப்பாவைக் கொரோனாவில் இழந்தேன். ஆம்புலன்ஸிலேயே மணிக்கணக்கில் காத்திருந்தோம். அதன்பின் எனக்கு விசுவாசம் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று முயன்றும் வரவில்லை. பட்டினப்பாக்கம் நண்பர் தூணுக்குப் பின்னால் நின்றார். எனக்கு அந்தத் தூண் கிடைக்கவில்லை, கிடைத்தவையெல்லாம் விளக்கங்கள். சகோதரிக்கு ஒன்றே ஒன்று: இருக்கிறதுபோல நடிக்காதீர்கள். நான் இரண்டு வருடம் நடித்தேன். விட்டுப் போனதைவிட அந்த நடிப்புத்தான் என்னை அதிகமாகக் களைப்பாக்கியது.

வார்டு சிஸ்டர் எழுதியது:

புற்றுநோய்ப் பிரிவில் நெடுங்காலம் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆயர் ஐயா எழுதியதோடு கூட்டிச் சொல்ல எனக்கு வேதப் பொருள் ஏதும் இல்லை. உங்கள் கேள்வியில் யாரும் தொடாமல் விட்ட சில சங்கதிகள் இருக்கின்றன.

முதலாவது, அந்த வீட்டார் சொல்லிவிட்டுப் போன பரம்பரை விஷயம். உங்கள் மனத்தில் அது ஒரு தீர்ப்பைப் போலக் கிடக்கும் என்று நினைக்கிறேன். சினைப்பைப் புற்றுநோயில் ஒரு பகுதிதான் குடும்பவழியாக வருவது. பெரும்பாலானவை அப்படி வருவன அல்ல. பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியும். அம்மாவுக்கு அந்தச் சோதனை ஏற்கெனவே செய்திருந்தால் அதன் தாளைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடம் மரபியல் ஆலோசனை கேளுங்கள். மாற்றம் இருந்தாலும் கண்காணிக்கவும் தடுக்கவும் வழிகள் உள்ளன. யாரோ காப்பி குடிக்காமல் சொல்லிவிட்டுப் போனதைப் பரிசோதனை முடிவாக எடுத்துக்கொண்டு நீங்கள் ஏன் வாழ வேண்டும்?

அடுத்து, உபவாசம் இருக்கச் சொன்ன சகோதரரிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் நீங்கள் ஏற்கெனவே சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்று அவர் முதலில் கேட்டிருக்கலாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது, தூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். அவன் தின்று குடித்து மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறையும் தட்டி எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். வார்டில் நாங்கள் செய்ததும் அதுதான்: முதலில் கஞ்சி, பிறகு தூக்கம், பேச்சு எல்லாம் அதற்குப் பின்னால்.

துக்கம் ஒரு நோயன்று. அம்மா போய் ஓர் ஆண்டு ஆகாத நிலையில் குரல் நிற்பதில் வியப்பில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டிருந்தாலோ, உணவு இறங்காவிட்டாலோ, வேலைக்குப் போக முடியாமல் இருந்தாலோ, எலியா கேட்டதைப் போன்ற எண்ணம் உங்களுக்கும் வந்தாலோ, மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் தம்முடைய சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று கேளுங்கள்.

நகைகளைப் பற்றி ஒரு சொல். வட்டி ஏறி ஏலத்துக்குப் போவதற்குள், எது எப்போது கெடு முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி, உறவில் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இதுவும் ஜெபத்தில் சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வருவதற்கு அம்மாவின் நினைவு பாதி, அடகுச் சீட்டு பாதி.

பெரம்பூர் ஆல்டோ எழுதியது:

எல்லாருக்கும் தனித்தனியாக எழுதத் தெம்பில்லை, மன்னிக்கவும். சிஸ்டர் அக்கா, அடகுச் சீட்டைப் பற்றி எழுதியதை வாசித்ததும் சிரித்துவிட்டேன்; எப்படி அவ்வளவு சரியாகச் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. அத்தை மகன் வங்கியில் இருக்கிறான். அவனிடம் சீட்டுகளைக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் கோப்பில் பரிசோதனைத் தாள்கள் இருக்கின்றன. இன்னும் திறக்கவில்லை, இந்த வாரம் திறப்பேன்.

வெளியே நிற்பவர் எழுதியதையும் நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டேன். நீங்கள் இங்கே எழுதலாம் அண்ணா.

வெள்ளிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சிக்குப் போனேன். பாடவில்லை. என் நாற்காலியை யாரும் எடுத்துவிடவில்லை. பக்கத்தில் உட்காரும் அக்கா ஒன்றும் கேட்காமல், பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரியும்படி கொஞ்சம் திருப்பி வைத்தார். ஒரு கீர்த்தனையில் ஆல்டோ தனியாக ஏறும் இடம் ஒன்று உண்டு. அங்கே மட்டும் வாய் அசைந்தது. சத்தம் வந்ததா என்று எனக்கே தெரியாது.

ஆயர் ஐயாவிடம் ஒரு கேள்வி. அடுத்த மாதம் அம்மாவுக்கு முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை வைக்கிறோம். அப்பா 23-ஆம் சங்கீதம் வாசிக்கலாம் என்கிறார். எனக்கு 88 வாசிக்க வேண்டும் என்று இருக்கிறது. வீட்டு ஆராதனையில் அதை வாசிக்கலாமா? வந்தவர்கள் முகம் சுளிப்பார்களா?

ஓய்வுபெற்ற ஆயர் எழுதியது:

வாசிக்கலாம் மகளே. உங்கள் சபை ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அச்சுப்பிழை என்று நினைத்து 89-க்குப் போய்விடுவார். அப்பா கேட்ட 23-ஐயும் வையுங்கள், அது அவருடைய துக்கத்துக்குரியது. முதலில் 88, நீங்களே வாசியுங்கள். முடிந்ததும் உடனே யாரும் பாட்டு எடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். இரண்டு நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு அப்பா 23-ஐ வாசிக்கட்டும். முகம் சுளிப்பவர் ஒருவர் இருவர் இருப்பார்கள்; சாப்பாட்டுக்கு உட்காரும்போது சரியாகிவிடுவார்கள்.